குரலுக்குத் திறந்த கதவு

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் ஒருவருடைய பாட்டு ஒலிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். குழந்தை தூங்குவது அந்தப் பாட்டைக் கேட்டுத்தான். ஆபீஸிலிருந்து அலுத்து வரும் வீட்டுக்காரரின் முகம் மலருவதும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான். ஒரு நாள் அந்தப் பாட்டுக்காரரே உங்கள் பக்கத்து வீட்டை விலைக்கு வாங்கிக் கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு குடி வருகிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? தலைகால் புரியாமல் ஓடிப் போய்ப் பால் இருக்கிறதா, அடுப்புக்கு நெருப்பு வேண்டுமா என்று விசாரிக்க மாட்டீர்களா? ஒரு கிண்ணம் பாயசமாவது கொடுத்தனுப்ப மாட்டீர்களா?

1948-ம் வருஷம் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஹான்காக் பார்க் என்ற பணக்காரப் பேட்டையில் அப்படி ஒருவர் வீடு வாங்கினார். தேசம் முழுவதும் அந்த வருஷம் அவர் பாட்டைத்தான் கேட்டுக் கொண்டிருந்தது. ஆனால், அந்தத் தெருவார் பாயசம் கொடுத்தனுப்பவில்லை. அவர் குடி வரக் கூடாது என்று கூட்டம் போட்டார்கள்.

அவர் பெயர் நாட் கிங் கோல். கறுப்பர். அது ஒன்றுதான் அவர் செய்த குற்றம்.

'கிங்', அதாவது ராஜா என்பது, பிறகு வந்து ஒட்டிக் கொண்ட பட்டம். பெற்றோர் வைத்த பெயர் நதானியேல் ஆடம்ஸ் கோல்ஸ். 1919-ம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ந் தேதி, அலபாமா மாகாணத்து மாண்ட்காமரி நகரில் பிறந்தார். குழந்தைக்கு நாலு வயதாகும் போது, தெற்கே பிழைக்க வழியில்லாமல் வடக்கே போன ஆயிரக்கணக்கான கறுப்பர் குடும்பங்களைப் போல, இவர்கள் குடும்பமும் சிகாகோவுக்குக் குடி பெயர்ந்தது. தகப்பனார் எட்வர்டு, மாதா கோயிலில் பிரசங்கம் செய்யும் பாதிரியார். தாயார் பெர்லினா அந்தக் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர்.

பையனுக்கு முதல் குரு அந்த அம்மாள்தான். வீட்டு வேலைக்கும் கோயில் வேலைக்கும் நடுவே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு பியானோ சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயது வரையில் வேறு வாத்தியார் கிடையாது. பிறகுதான் முறையாகப் பாடம் ஆரம்பமாயிற்று. மேல்நாட்டு சாஸ்திரீய சங்கீதம், கோயில் கீதம் எல்லாம் படிந்தன. ஆனால், பையனின் காது இருந்த இடம் வேறு. அந்த நாளில் சிகாகோவின் ராத்திரி விடுதிகளில் ஜாஸ் சங்கீதம் அமர்க்களப்பட்டுக் கொண்டிருந்தது. ஏர்ல் ஹைன்ஸ் என்ற மகா வித்வான் அங்கே பியானோ வாசித்து வந்தார். பாதிரியார் வீட்டுப் பையன் இருட்டில் நழுவிப் போய், விடுதிக்கு வெளியே நின்று அந்த வாசிப்பைக் கேட்டு வருவானாம்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? கச்சேரியில் வித்வான் ஒரு கிருதியை எடுத்துக் கொண்டு, நிரவல், கல்பனாஸ்வரம் என்று அந்தந்த நிமிஷத்தில் மனோதர்மத்தைக் காட்டுகிறார் அல்லவா? கிட்டத்தட்ட அதே காரியம்தான். தெரிந்த மெட்டு ஒன்று. அதன் மேல் கை போன போக்கில், ஆனால் கணக்குத் தப்பாமல், புதுப் புதுக் கற்பனை. இந்த வித்தையில் நாட் சிறு வயதிலேயே கெட்டிக்காரராகி விட்டார். 1936-ல் தமையனார் எட்டியின் வாத்தியக் கோஷ்டியோடு முதல் இசைத் தட்டுக்கு வாசித்த போது அவருக்கு வயது பதினேழு.

அப்புறம் ஓர் இசை நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார். கம்பெனி கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்ததும் நொடித்து விட்டது. கையில் காசில்லை, கூடவே, அந்த நாடகத்தில் ஆடி வந்த நாடீன் என்ற பெண்ணைக் கல்யாணம் வேறு செய்து கொண்டிருந்தார். கிடைத்த விடுதிகளிலெல்லாம் பியானோ வாசித்து வயிற்றைக் கழுவினார். 1937-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் விடுதி ஒன்றில் அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பியானோவுக்கு அவர், கிதாருக்கு ஆஸ்கார் மூர், பெரிய தந்தி வாத்தியமான பாஸுக்கு வெஸ்லி பிரின்ஸ். ஆக மூன்றே பேர். டிரம் கிடையாது. மிருதங்கம் இல்லாமல் கச்சேரியா என்று நாம் கேட்போமே, அப்படித்தான் அந்த ஊர்க்காரர்களும் கேட்டிருப்பார்கள். ஆனால், மூவரும் ஒருவர் மனத்தை ஒருவர் படித்தவர்கள் போல வாசித்தார்கள். தாளம் காற்றிலேயே நின்றது. பின்னால் வந்த ஆஸ்கார் பீட்டர்சன் போன்ற மேதைகள், பியானோ, கிதார், பாஸ் என்ற இந்த மூவர் அமைப்பைப் பின்பற்றினார்கள் என்றால் பாருங்களேன்!

ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றில் கோல் ராஜா என்று ஒருவர் வருவார். பெயர்ப் பொருத்தம் சரியாக இருக்கவே, இவருக்கும் ராஜா பட்டம் வந்து சேர்ந்தது. 'கோல்ஸ்' என்பதில் கடைசி எழுத்து காணாமல் போயிற்று.

இதுவரையில் அவர் பாடகர் அல்லர். பிறகு எப்படிப் பாட வந்தார்?

இதற்கு ஒரு ருசியான கதை உண்டு. குடிமயக்கத்தில் இருந்த ஓர் ஆசாமி, "பாடினால்தான் ஆயிற்று" என்று அடம் பிடித்தானாம். விடுதி முதலாளி கெஞ்சவே, நாட் வேண்டா வெறுப்பாக ஒரு பாட்டைப் பாடினாராம். அன்றைக்கே பாடகர் பிறந்து விட்டாராம்! பத்திரிகைகள் இந்தக் கதையை விடாமல் எழுதின. நாட் கோல் அதை மறுக்காமலே வெகு காலம் விட்டு வைத்தார். கடைசியில் உண்மையைச் சொன்னார். ராத்திரி முழுவதும் வாத்தியமே கேட்டால் ஜனங்களுக்கு அலுத்துப் போகுமே என்று நடுநடுவே ஒன்றிரண்டு பாட்டுப் பாடினார். ஜனங்கள் இன்னும் பாடு என்றார்கள். அவ்வளவுதான் சங்கதி.

ஆமாம், அவ்வளவுதான். ஆனால், அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவ்வளவுதான் என்று விட்டு விடவில்லை. உச்ச ஸ்தாயியில் எட்டிப் பிடிக்கும் குரல் அல்ல அது. கொஞ்சம் கம்மல், கொஞ்சம் புகை படிந்தாற் போல ஒரு கனம். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு விஷயம் சொல்லுகிற பாவனை. ஒவ்வொரு சொல்லும் முத்துப் போல விழும். மைக்கும் இசைத் தட்டும் வந்த காலத்துக்கென்றே பிறந்த குரல்.

1943-ம் வருஷக் கடைசியில் 'காபிட்டல்' என்ற புது இசைத்தட்டுக் கம்பெனிக்காக அவர் ஒரு பாட்டுப் பதிவு செய்தார். அதன் கதை அவருடைய தகப்பனாரின் பிரசங்கத்தில் கேட்டது. ஒரு கழுகு, "முதுகில் ஏறிக் கொள், ஆகாயத்தைக் காட்டுகிறேன்" என்று பிராணிகளை ஏற்றிக் கொண்டு போய், மேலேயிருந்து உதறித் தள்ளிச் சாப்பிட்டு விடுமாம். குரங்கின் முறை வந்தது. குரங்கு சும்மாயிருக்குமா? வாலைக் கழுகின் கழுத்தில் சுற்றி இறுக்கி, "ஒழுங்காகப் பற!" என்றதாம். இந்தப் பாட்டு 1944-ல் அமெரிக்கா முழுவதும் பிரமாதமாக ஓடியது. ஆனால், பாட்டின் உரிமையைக் கஷ்ட காலத்தில் 50 டாலருக்கு விற்று விட்டிருந்தார் நம்மவர்! கழுகின் முதுகில் அவரே ஏறிய கதைதான்.

அதற்குப் பிறகு ஏறுமுகம். 1946-ல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று, இன்றைக்கும் டிசம்பர் மாதம் வந்தால் அந்த நாட்டில் கேட்காத கடைத் தெரு கிடையாது. 1948-ல் 'நேச்சர் பாய்' வந்தது. 1950-ல் 'மோனா லிசா' வந்தது. 'மோனா லிசா', ஆஸ்கார் பரிசு பெற்ற பாட்டு. 'காபிட்டல்' கம்பெனி 1956-ல் ஹாலிவுட்டில் வட்ட வடிவமாகப் பதின்மூன்று மாடிக் கட்டிடம் எழுப்பிய போது, அது "நாட் கட்டிய வீடு" என்றே ஜனங்கள் சொன்னார்கள். அவ்வளவு பணம் அந்தக் குரல் சம்பாதித்துக் கொடுத்திருந்தது.

விரல்கள் என்ன ஆயின? மெள்ள மெள்ள அவை பின்னுக்குப் போயின. வாத்தியக் கூட்டம் பெருகிற்று, வயலின்கள் வந்தன, நாட் பியானோவை விட்டு எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றார். "அருமையான வித்வானை இழந்து விட்டோம்" என்று ஜாஸ் ரசிகர்கள் அங்கலாய்த்தார்கள். 1956-ல் அவர் மறுபடி பியானோவின் முன் உட்கார்ந்து, பழைய பாணியில் சில தோழர்களோடு 'ஆஃப்டர் மிட்நைட்' என்ற இசைத் தட்டுக்கு வாசித்தார். கேட்டவர்களுக்குத் தெரிந்தது, விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை என்று.

இனி, அந்த ஹான்காக் பார்க் வீட்டுக்கு வருவோம்.

நாடீனுடன் செய்த கல்யாணம் நிலைக்கவில்லை. 1948-ம் வருஷம் ஈஸ்டர் பண்டிகை தினத்தன்று, நியூயார்க்கில் மேரியா எல்லிங்டன் என்ற பாடகியை நாட் மணந்தார். மேரியாவை வளர்த்தவர் அவருடைய அத்தையான சார்லட் ஹாகின்ஸ் பிரவுன். கறுப்புக் குழந்தைகளுக்காக வட காரோலினாவில் பள்ளிக்கூடம் ஸ்தாபித்து நடத்திய அம்மாள். ஆகவே, மேரியா படித்தவர், பண்பட்டவர், தலை நிமிர்ந்து நடக்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் குடித்தனம் செய்யப் புகுந்த வீடு அது.

அந்தப் பேட்டையின் வீட்டுப் பத்திரங்களில் ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளையர் தவிர வேறு யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்பது. இம்மாதிரி ஷரத்துக்களில் சாதாரணமாக ஒரு விலக்கும் சேர்ந்திருக்கும்: வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் இருக்கலாம்! சமைக்கலாம், குழந்தையைத் தூக்கலாம், வீட்டுக்குச் சொந்தக்காரராக மட்டும் இருக்கக் கூடாது. நல்ல வேளையாக அதே 1948-ம் வருஷம் மே மாதம், இந்த ஷரத்துக்களைக் கோர்ட்டுகள் அமல் நடத்தக் கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி விட்டது. சட்டத்தால் முடியாது என்றான பிறகு, தெருவார் நாட் கோலிடமே பேச வந்தார்கள். லாபம் வைத்துக் கொடுக்கிறோம், வீட்டைத் திருப்பிக் கொடுத்து விடுங்கள் என்றார்கள். வேண்டாதவர்கள் யாரும் இந்தப் பேட்டைக்கு வருவதை நாங்கள் விரும்பவில்லை என்றார்கள்.

நாட் கோபித்துக் கொள்ளவில்லை. "எனக்கும் விருப்பமில்லைதான். அப்படி யாராவது வருவதைக் கண்டால் முதலில் நானே புகார் செய்கிறேன்" என்று பதில் சொன்னாராம்!

பதில் என்னவோ அழகான பதில். ஆனால், அதோடு முடிந்து விடவில்லை. வீட்டு முன்புறப் புல்தரையில் கறுப்பரை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தையை யாரோ எரித்து எழுதினார்கள். வீட்டு நாய்க்கு விஷம் வைத்துக் கொன்றார்கள். பாட்டுக் கேட்கிற காதுள்ள மனிதர்கள்தாம் இவற்றைச் செய்தார்கள் என்று நினைக்கும் போது நெஞ்சு பதைக்கிறது. மேரியாவும் நாட்டும் அசையவில்லை. அந்த வீட்டில்தான் விளக்கேற்றிக் குடித்தனம் செய்தார்கள். மேரியாவின் சகோதரி இறந்து விடவே, தாயில்லாத அவருடைய பெண்ணைத் தங்கள் மூத்த பெண்ணாக ஏற்று வளர்த்தார்கள். 1950-ல் நாட்டலி பிறந்தாள். பின்னால் ஒரு பையனைத் தத்து எடுத்துக் கொண்டார்கள். இரட்டைப் பெண் குழந்தைகளும் பிறந்தன. ஐந்து குழந்தைகளின் சத்தம் நிறைந்த வீடு அது. கடைசி வரையில் நாட் கோலுக்கு அதுவே வீடு.

வெளியூர்க் கதையும் இதுதான். அந்த நாளில் லாஸ் வேகாஸ் ஹோட்டல்களில் கறுப்பு வித்வான்கள் மேடையேறிப் பாடலாம், கைதட்டல் வாங்கலாம், அதே ஹோட்டலில் அறை எடுத்துப் படுக்க முடியாது. தெற்கு மாகாணங்களிலோ வெள்ளையருக்குத் தனிக் கச்சேரி, கறுப்பருக்குத் தனிக் கச்சேரி.

1956-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, தாம் பிறந்த அலபாமா மாகாணத்திலேயே, பர்மிங்ஹாம் நகரில் அவர் பாடிக் கொண்டிருந்தார். எதிரே சுமார் 4,000 வெள்ளையர். மூன்றாவது பாட்டு நடந்து கொண்டிருக்கும் போது சில முரடர்கள் மேடையில் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். முதுகில் அடி. போலீஸார் முரடர்களைப் பிடித்துக் கொண்டு போனார்கள். சிறிது நேரம் கழித்து நாட் மறுபடியும் மேடைக்கு வந்தார். உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான் வந்தேன், முதுகு வலியால் இனிப் பாட முடியவில்லை என்று விடை பெற்றுக் கொண்டார். சபையார் எழுந்து நின்று நெடு நேரம் கை தட்டினார்கள்.

அடித்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, சொந்த ஜனங்களும் அவரைக் கடிந்து கொண்டார்கள். "பிரித்து உட்கார வைக்கும் சபையில் ஏன் பாடினாய்?" என்று கறுப்பர் பத்திரிகைகள் கேட்டன. அவர் பிறந்த மாண்ட்காமரியில் அப்போதுதான் கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்து, மாதக் கணக்காகக் கால்நடையாக நடந்து கொண்டிருந்தார்கள். கேள்வி நியாயமானதுதானே? நாம் பாட்டுக்காரர், அரசியல் நமக்கு எதற்கு என்று அதுகாறும் இருந்தவர் அவர். பாட்டு மட்டுமே போதாது என்று அப்போது உறைத்திருக்க வேண்டும். கறுப்பர் உரிமைக்காகப் பாடுபட்ட தேசியச் சங்கத்தில் ஆயுள் அங்கத்தினராகச் சேர்ந்தார்.

அதே வருஷம் நவம்பர் மாதம் இன்னொரு கதவு திறந்தது. என்.பி.சி. டெலிவிஷனில் நாட் கிங் கோல் நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. கறுப்பர் ஒருவர் தம் பெயரிலேயே தேசம் முழுவதற்கும் நடத்திய முதல் சில நிகழ்ச்சிகளில் அது ஒன்று. இதுவரையில் குரல் மட்டும் நுழைந்த கூடங்களில் இப்போது முகமும் நுழைந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, பெக்கி லீ, டோனி பென்னட் போன்ற பெரிய பாடகர்கள், அவருக்காகச் சொற்பச் சம்பளத்துக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். ஆனால், அமெரிக்க டெலிவிஷனுக்குப் படியளப்பவர்கள் விளம்பரக்காரர்கள். சில ஊர்களுக்கு மட்டும் விளம்பரம் தர ஆள் கிடைத்ததே தவிர, தேசம் முழுவதற்கும் தர ஒரு கம்பெனியும் முன் வரவில்லை. தெற்கே தங்கள் சரக்கு விற்காமல் போய் விடுமோ என்று பயம். கறுப்பர் ஒருவர் உதட்டுச் சாயம் விற்க முடியாது என்று அழகுச் சாமான் கம்பெனி ஆசாமி ஒருவர் சொன்னாராம். இதைக் குறித்து நாட் பிறகு மனம் கசந்து எழுதினார். கறுப்புப் பெண்கள் உதட்டுக்கு வேறு எதைப் பூசிக் கொள்கிறார்கள் என்று நினைத்தாரோ அந்த மேதாவி!

ஒரு வருஷத்துக்கு மேல் போராடிப் பார்த்து விட்டு, 1957 டிசம்பரில் நாட் கோல் தாமாகவே நிகழ்ச்சியை நிறுத்திக் கொண்டார். விளம்பரக் கம்பெனிக்காரர்களுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று அவர் சொன்னது அங்கே பழமொழி போல ஆகி விட்டது.

பாட்டு நிற்கவில்லை. 1958-ல் ஸ்பானிஷ் பாஷை தெரியாமலே, உச்சரிப்பை மட்டும் பாடம் பண்ணிக் கொண்டு ஒரு முழு இசைத் தட்டு நிறையப் பாடினார். தென் அமெரிக்கா அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 1962-ல் மறுபடி ஒரு பெரிய வெற்றி.

ஆனால், அவரிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று பாக்கெட் வரையில் சிகரெட். புகை பிடித்தால்தான் குரலில் அந்தக் கனம் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. 1964 டிசம்பரில் கடைசி இசைத் தட்டைப் பதிவு செய்து முடித்தார். அதே மாதம் நுரையீரலில் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லி விட்டார்கள். 1965 பிப்ரவரி முதல் தேதி, அவருடைய தகப்பனார் காலமானார். சரியாக இரண்டு வாரம் கழித்து, 15-ந் தேதி, சான்டா மோனிகா ஆஸ்பத்திரியில் மகனும் போய் விட்டார். வயது நாற்பத்தைந்து. வீட்டில் சிகரெட்டோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும் சகோதரிகள், இந்தப் பாராவை மட்டும் சத்தம் போட்டு வாசித்துக் காட்டலாம்.

நாட்டலிக்கு அப்போது பதினைந்து வயது. வளர்ந்து அவளும் பாடகியானாள். தகப்பனார் பாட்டைத் தொடாமல், தனக்கென்று ஒரு பாணியில் வெகு காலம் பாடிப் புகழ் பெற்றாள். பிறகு 1991-ல், தகப்பனார் பாட்டுக்களை மட்டும் பாடி ஓர் இசைத் தொகுப்பு வெளியிட்டாள். அதில் 'அன்ஃபர்கெட்டபிள்' என்ற பாட்டில் தகப்பனாரின் பழைய பதிவோடு தன் குரலையும் இணைத்து, இருவரும் சேர்ந்து பாடுவது போலச் செய்தாள். இருபத்தாறு வருஷத்துக்கு முன் கண் மூடிய தகப்பன் ஓர் அடி பாட, மகள் அடுத்த அடி பாடுகிறாள். மறு வருஷம் அந்தத் தொகுப்புக்கும் அந்தப் பாட்டுக்கும் மிகப் பெரிய கிராமி பரிசுகள் கிடைத்தன. நாட்டலியும் 2015-ம் வருஷக் கடைசி நாளன்று காலமானார். இப்போது தகப்பன், மகள் இருவருடைய குரல்களும்தான் இருக்கின்றன.

குரல் எப்போதும் உள்ளே வந்து விடுகிறது, பார்த்தீர்களா? அதற்குக் கதவு தட்ட வேண்டியதில்லை. ஜாதி, நிறம் சொல்ல வேண்டியதில்லை. மனிதன்தான் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காக்காரர்களைக் குறை சொல்லி விட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். ஆனால், மாடி போர்ஷனுக்குக் குடி கேட்டு வருகிறவரிடம் நம் வீட்டில் முதலில் கேட்கிற கேள்வி என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரேடியோவில் அவர் பாட்டு ஒலித்தால் அந்தக் கேள்வியை நாம் கேட்போமா?

அடுத்த முறை யாராவது புதிதாகக் குடி வந்தால், கேள்வி பிறகு இருக்கட்டும். முதலில் பாயசக் கிண்ணம் போகட்டும்.